மதினி விட்டுப்போன பதின்மூன்று கோழிகள்

எனக்குக் கோழிகளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். முட்டை சாப்பிடுவேன், குழம்பும் சாப்பிடுவேன். ஆனால் அவை நின்று தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பதும், நான் கூட்டிவிட்டு நிமிர்வதற்குள் அதே இடத்தில் வந்து கழிவதும் எனக்கு ஆகாது. அப்படிப்பட்ட என்னிடம் ஒரு கார்த்திகை மாதம் பதின்மூன்று கோழிகள் வந்து சேர்ந்தன.

அவை என் கணவரின் அக்காவுடையவை. அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். புருஷன் இறந்தபின் எங்களோடு வந்து இருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும் சாலையில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் சிம்மக்கல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். கணவருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் அப்போது இல்லை. பகல் முழுவதும் வீட்டில் இருந்தது மதினி மட்டும்தான். அந்தப் பகல்களில் அவருக்குப் பேச்சுத்துணை அந்தக் கோழிகள்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. கொல்லைப்புறம் நாறுகிறது என்பதுதான் தோன்றியது.

மதினியின் மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பிரசவ நேரம். மாப்பிள்ளை வந்து மதினியைக் கூட்டிப்போனார். கிளம்புகிற அன்று காலையில் மதினி என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இருவது நாள்ல வந்துருவேன்த்தா. பன்னெண்டு பெட்டை, ஒரு சேவல். காலையில குருணை போடு, சாயங்காலம் ரெண்டு கை கம்பு போடு. பொழுது எறங்குனா அதுகளே கூட்டுக்கு வந்துரும். கதவ மட்டும் மறக்காமச் சாத்திரு. மரநாய் சுத்துது."

"அந்த மூலையில ஒண்ணு எந்திரிக்காம ஒக்காந்திருக்கே மதினி?"

"அது அடையில இருக்கு. பதினோரு முட்டை வச்சிருக்கேன். இன்னும் எட்டு நாள்ல பொரிச்சிரும். நீ ஒண்ணும் செய்ய வேணாம். அதுவே பாத்துக்கிரும்."

அதுவே பார்த்துக்கொள்ளும் என்ற அந்தச் சொல்லை அடுத்த இரண்டு மாதம் நான் எத்தனை முறை பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மதினி போன நான்காம் நாள் மழை பிடித்தது. அந்த வருடம் கார்த்திகை மழை நின்று நிதானமாகப் பெய்தது. கோழிக்கூடு என்பது செங்கல்லை மூன்று பக்கம் அடுக்கி, மேலே பழைய தகரத்தைப் போட்டு, முன்னால் ஒரு பலகைக் கதவு வைத்தது. மேலே ஒழுகவில்லை. ஆனால் கொல்லைத் தரை தாழ்வு. தண்ணீர் கீழ்வழியாக உள்ளே ஊறி, தரை சேறாகி, கழிவோடு சேர்ந்து குழம்பாகிவிட்டது. கோழிகள் அதில் ஒற்றைக்காலில் நின்றன. நான் காலையில் குனிந்து அந்தச் சேற்றை வழித்து எடுத்துவிட்டு, அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டுவேன். பிறகு குளித்துச் சேலை மாற்றி, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சாம்பலும் சேறாகியிருக்கும்.

பள்ளியில் இரண்டு முறை நேரம் தவறிப் போனேன். தலைமையாசிரியை மேசைக்குப் பின்னால் இருந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன டீச்சர், ரெண்டாவது தடவ. பஸ் வரலையா?"

"பஸ் வந்துச்சு மேடம். வீட்ல கோழிக்கூடு தண்ணியில..."

"கோழிக்கூடா?" என்றார். அறையிலிருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்து வகுப்புக்குப் போகும் வழியில்தான் பார்த்தேன், சேலைக் கரையில் கோழிக் கழிவு காய்ந்து ஒட்டியிருந்தது.

எட்டாம் நாள் பொரித்தது. பதினோரு முட்டையில் ஒன்பது குஞ்சு. உண்மையைச் சொன்னால் அன்று கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மஞ்சளும் பழுப்புமாக, தாயின் இறகுக்குள்ளிருந்து அங்கே ஒரு தலை, இங்கே ஒரு தலை என்று எட்டிப் பார்த்தன. மழை விட்டிருந்தது. ஆனால் மழை விட்ட கையோடு அழகர்மலைப் பக்கமிருந்து ஈரக்காற்று இறங்கத் தொடங்கியது. மதுரையில் என்ன பெரிய குளிர் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீடு இருந்த வெட்டவெளியில் விடிகாலைப் பனி வயல்மேல் வெள்ளை வேட்டியை விரித்ததுபோல் கிடக்கும். வெயிலில் கருகிப் பழகிய உடம்புக்கு அதுவே எலும்புக் குளிர். ஒருநாள் வயதுக் குஞ்சுக்குக் கேட்கவே வேண்டாம்.

மறுநாள் காலையில் கூட்டைத் திறந்தேன். தாய்க்கோழி சேறில்லாத ஒரு மூலையில்தான் படுத்திருந்தது. ஆனால் இரண்டு குஞ்சுகள் அதன் இறகுக்கு வெளியே கிடந்தன. கையில் எடுத்தேன். நனைந்த பஞ்சு மாதிரி இருந்தன. ஒன்றின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. அவ்வளவுதான்.

என் கணவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ரெண்டு குஞ்சு செத்துப்போச்சு."

"ஒம்போதும் பொழைக்குமாக்கும்? ரெண்டு மூணு போகத்தான் செய்யும்" என்றார்.

"கூட்டுக்குள்ள உமி கொட்டணும். சுத்திச் சாக்குக் கட்டணும். ஒங்களுக்கு மில்லுல சாக்குக் கெடைக்காதா?"

"தூங்கி எந்திரிச்சுப் பாக்குறேன்."

தூங்கி எழுந்தார். பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள், எட்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வருகிற மனுஷன். நானும் பள்ளிக்கூடத்தில் நின்றுவிட்டுத்தான் வந்தேன். கோழிகள் அவருடைய அக்காவுடையவை. அக்கா வளர்க்கும்போது "எங்க அக்கா கோழி" என்பார். இப்போது "ஒன் கோழி என்னாச்சு?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

சாக்குகளை நானே தேடிப் பிடித்தேன். பள்ளியிலிருந்து திரும்பும்போது சிம்மக்கல்லில் ஒரு வெல்ல மண்டியில் நின்று, வெறும் சாக்கு வேண்டும் என்று கேட்டபோது அங்கிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டவுன் பஸ்ஸில் நாலு சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெல்லப்பாகின் வாசனைக்குப் பஸ்ஸில் இருந்த ஈ முழுவதும் என் மடிக்கு வந்தது. சாக்கைக் கூட்டைச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் பார்த்தால் வெல்ல வாசத்துக்குச் செவ்வெறும்பு சாரை சாரையாக ஏறியிருந்தது. அவிழ்த்து, வெந்நீரில் அலசி, காயப்போட்டேன். வெயில் இல்லை. மூன்று நாள் காயவில்லை.

அதனால்தான் ஏழு குஞ்சுகளையும் அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். ஒரு அட்டைப்பெட்டி, அடியில் பழைய வேட்டித் துணி, மேலே நூறு வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டேன். அறிவியல் டீச்சர் அல்லவா! கோழிப்பண்ணைகளில் அப்படித்தான் செய்வார்கள் என்று படித்திருந்தேன். பண்ணையில் மின்சாரம் ஒழுங்காக வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் வயல்களில் பம்புசெட் ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் விழுந்துவிடும். பல்பில் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். சூடு வராது. சாயங்காலம் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. குளிருக்குக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரு மூலையில் குவிந்துவிட்டன. அடியில் இருந்த இரண்டு மூச்சு முட்டிச் செத்தன.

இதில் இன்னொரு கொடுமை. தாயிடமிருந்து பிரித்துவிட்டதால் தாய்க்கோழி விடாமல் கத்தியது. காலையில் ஆரம்பித்தால் அந்திவரை ஓயாது. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"பெத்தவகிட்ட இருந்து பிள்ளையப் பிடுங்குனா கத்தத்தான் செய்யும். அதுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரிஞ்சிரப்போகுது டீச்சர்?"

எனக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது. அன்றே ஐந்து குஞ்சுகளையும் தாயோடு சேர்த்தேன். ஆனால் கொல்லையில் அல்ல, அடுப்படியில். பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் தாயும் குஞ்சும். விறகடுப்பின் கணப்பு அந்த மூலைக்கு வரும். கடைசியில் பார்த்தால் அதுதான் சரியான வழியாக இருந்தது. அந்த ஐந்தும் பிழைத்தன. அதற்கு விலையாக நான் ஒரு மாதம் கோழி நாற்றத்தில் சோறு வடித்தேன்.

இருபது நாள் முடிந்தது. மதினி வரவில்லை. நான் இன்லாண்ட் லெட்டர் எழுதினேன். குஞ்சு செத்ததையும் கூடு ஊறியதையும் பக்கம் நிறைய எழுதிவிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். மதினிக்கு எழுதத் தெரியாது, மகள் எழுதிய பதில் வந்தது. ஆண் குழந்தை, நலம், குழந்தைக்குச் சளி, அம்மா பொங்கல் கழித்து வருவாள், கோழிகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும். இதுதான் மொத்தக் கடிதமும். கணவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "பேரன் பொறந்திருக்கான், பாத்தியா!" என்று சந்தோஷப்பட்டார். நான் அந்தக் கடிதத்தில் அதைப் பார்க்கவேயில்லை.

மார்கழி பிறந்தது. பனி இன்னும் இறங்கியது. பக்கத்துக் கிராமங்களில் கோழிகளுக்குச் சீக்கு வந்திருக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். வெள்ளைக்கழிச்சல். கோழி தூங்கித் தூங்கி விழும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். வந்தால் தெருவையே காலி செய்துவிட்டுத்தான் போகும்.

இதற்குத் தடுப்பூசி உண்டு என்று எனக்குத் தெரியும். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் ஒரு எருமைக்கன்றின் காலுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தார். தலைநிமிராமலே கேட்டார்.

"எத்தன கோழி?"

"பதிமூணு. குஞ்சு அஞ்சு."

"ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு. ஒடச்சுக் கரைச்சா ரெண்டு மணி நேரந்தான். மிச்சத்தக் கீழதான் ஊத்தணும். பதிமூணு கோழிக்கு ஒரு குப்பிய ஒடைக்க முடியுமா டீச்சர்? நீங்களே சொல்லுங்க."

"அப்ப என்ன செய்றது சார்?"

"ஒங்க தெருவுல ஒரு நூறு கோழி சேத்து வைங்க. ஞாயித்துக்கெழம நானே வாரேன். வெள்ளன, கூட்டத் தொறந்து விடுறதுக்கு முன்னாடி. ஐஸ் போட்டு பிளாஸ்க்குல எடுத்தாரணும், பிளாஸ்க்கு மட்டும் நீங்க குடுங்க. எங்கது ஒடஞ்சு கெடக்கு."

எங்களிடம் இருந்த ஒரே பிளாஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு மூன்று நாள் சாயங்காலம் தெருத்தெருவாக நடந்தேன். எங்கள் தெரு, அதற்குப் பின்னால் கண்மாய்க்கரைத் தெரு. அதுவரை அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை. நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள் அங்கே குடியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நாலு, ஆறு என்று கோழிகள். எல்லோரும் தலையாட்டினார்கள். "அதுக்கென்ன டீச்சரம்மா, போட்டுக்கிருவோம்." நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். நூற்றுக்கும் மேலேயே சேர்ந்தது.

அந்தத் தெருவில் ஒரு பெண் மட்டும் எதிர்க்கேள்வி கேட்டாள். நாற்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, சமைந்த மகள் ஒருத்தி. ஆறு கோழிகள் வைத்திருந்தாள்.

"ஊசி போட்டா முட்டை நின்னு போகும்னு சொல்றாகளே டீச்சரம்மா?"

"ரெண்டு நாள் வேணா நிக்கும்க்கா. அப்பறம் எப்பயும்போல வைக்கும். சீக்கு வந்தா முட்டையும் இல்ல, கோழியும் இல்ல."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது. நான் சொல்றேன்ல."

நான் சொல்றேன்ல என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. பாடம் நடத்தும் குரலில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். ஆறரை ஆனது, ஏழானது, ஏழரை ஆனது. கம்பவுண்டர் வரவில்லை. எத்தனை நேரம்தான் கோழிகளை அடைத்துவைப்பார்கள்? ஒவ்வொரு வீடாகத் திறந்துவிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஓடி ஓடிக் கெஞ்சினேன். எட்டேகாலுக்கு, சைக்கிளில், கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு நிதானமாக வந்து இறங்கினார்.

"ஐஸ்காரன் கடை தொறக்கல டீச்சர். மார்கழி பாருங்க, ஐஸுக்கு யாரு வாரா?"

அப்போது கோழிகள் பாதி வயலிலும் பாதி கண்மாய்க்கரையிலும் மேய்ந்துகொண்டிருந்தன. கம்பவுண்டர் குப்பியை உடைத்துக் கரைத்துவிட்டார். இனி இரண்டு மணி நேரம். பிறகு நடந்ததைத் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நானும் இன்னும் சில பெண்களும் கோழி விரட்டினோம். பனியில் நனைந்த வரப்பில் வழுக்கி நான் ஒருமுறை உட்கார்ந்தேன். சிலர் பிடிக்கவே முயலவில்லை. சிலர், "கூட்டுல இருக்கப்ப வந்திருந்தாப் போட்டிருக்கலாம்" என்று எனக்கே நியாயம் சொன்னார்கள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை, முந்தின நாள் எல்லாக் கோழியையும் விற்றுவிட்டார்களாம்.

என் வீட்டுக் கோழிகளையாவது அடைத்து வைத்திருந்தேனே என்று கூட்டைத் திறந்தால், அடுப்படித் தாய்க்கோழியோடு சேர்த்து ஒன்பதுதான் கைக்கு வந்தது. சேவலும் மூன்று பெட்டையும் என் கைக்கு அடியில் நழுவி முருங்கை மரத்தில் ஏறிவிட்டன. குச்சியால் தட்டினேன், கம்புத் தானியம் காட்டிக் கூப்பிட்டேன். சேவல் மேலே நின்று கூவியது. குஞ்சுகளுக்கு மட்டும் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்.

கண்மாய்க்கரைப் பெண் தன் ஆறு கோழிகளையும் காலைக் கட்டிக் கூடையில் கொண்டுவந்திருந்தாள். நான் சொன்னதை அச்சுப்பிசகாமல் செய்தவள் அவள் ஒருத்திதான். காலையிலிருந்து திறக்காமலே வைத்திருந்தாள்.

எல்லாம் சேர்த்து நாற்பது கோழிக்குக்கூட ஊசி போடவில்லை. மிச்ச மருந்தைக் கம்பவுண்டர் சாக்கடையில் ஊற்றினார். பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. "ஐஸ் கட்டி கொஞ்சம் பெருசு" என்றார்.

நாலாம் நாள் சீக்கு வந்தது.

எங்கள் வீட்டில் மூன்று கோழிகள் செத்தன. அதில் இரண்டு ஊசி போட்டவை. ஒன்று முருங்கை மரத்தில் ஏறியது. தெருவில் நிறையப் போனது. கண்மாய்க்கரைப் பெண்ணுக்கு ஆறில் நான்கு போனது. அவை ஆறுமே ஊசி போட்டவை.

தெருக்குழாயில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"ஊசி போட்டாப் பொழைக்கும்னீக. ஊசி போட்டதாலதான் செத்துச்சுங்கிறாக எல்லாரும். நான் என்னன்னு எடுத்துக்கிறது டீச்சரம்மா?"

"இல்லக்கா, சீக்கு முன்னாடியே உள்ள எறங்கிருந்தா ஊசி வேலை செய்யாது. ஊசி பிடிக்கிறதுக்கு ஒரு வாரமாவது ஆகும். ஒரு வாரம் முந்திப் போட்டிருந்தா..."

"முந்திப் போட்டிருந்தா" என்று திரும்பச் சொன்னாள். "எனக்கு என்ன தெரியும்? நீங்க படிச்சவுக, நீங்க சொன்னீக. நடவு இல்லாத மாசம் இந்த முட்டையிலதான் ஓடுது."

கிருமி, எதிர்ப்புச் சக்தி, நாள் கணக்கு எல்லாம் என் நாக்கில் இருந்தது. எதைச் சொன்னாலும் தப்பித்துக்கொள்வதற்குச் சொல்வதாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. குடம் நிரம்பி வழிந்தது. யாரோ எட்டிக் குழாயை மூடினார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. நேரம் தவறிய கம்பவுண்டர், மருந்தை நூறு நூறாக அடைத்து அனுப்புகிறவர்கள், தலையாட்டிவிட்டு வராதவர்கள், கோயம்புத்தூரில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் மதினி, மில்லுக்குப் போய்விடுகிற என் புருஷன். எல்லோர்மேலும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் "நான் சொல்றேன்ல" என்ற என் குரல்மேலேயே வந்து நின்றது.

கூட்டைக் காலிசெய்து சுண்ணாம்பு அடித்தேன். மிஞ்சிய கோழிகளுக்குச் சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிக் கொடுத்தேன். அது உதவியதோ இல்லையோ, மேற்கொண்டு சாவு இல்லை. மூன்று வாரம் பொறுத்து, சீக்கு அடங்கியது என்று உறுதியானதும், பொங்கல் கழிந்து நாலாம் நாள், சாம்பல் நிறப் பெட்டை ஒன்றைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனேன். கூட்டத்தில் நன்றாக முட்டை வைப்பது அதுதான். அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. கோழியைத் திருப்பி, வயிற்றைத் தடவி, கண்ணின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

அடுத்த வாரமே மதினி வந்து இறங்கினார். பையை வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனார். கோழிகள் அவர் குரல் கேட்டு ஓடி வந்தன. இரண்டு மாதம் சோறு போட்ட என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படி ஓடி வந்ததில்லை. மதினி எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"ஒம்போதுதான் இருக்கு. சாம்பக்கோழி எங்கத்தா?"

செத்த மூன்றையும் சொன்னேன். குஞ்சுகளைச் சொன்னேன். சாம்பல் கோழியைக் கொடுத்ததையும் சொன்னேன்.

"என் கோழிய எடுத்துக் குடுக்கச் சொல்லி ஒனக்கு யாரு சொன்னா?"

அவ்வளவுதான், இரண்டு மாதம் விழுங்கியது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"யாரும் சொல்லல மதினி. சொல்றதுக்கு இங்க யாரு இருந்தா? இருவது நாள்னு சொல்லிட்டுப் போனீக. சேறு வழிச்சது நானு. சாக்குச் சொமந்தது நானு. குழாயடியில நின்னு பேச்சு வாங்குனது நானு. கோழிய நல்லாப் பாத்துக்கன்னு எழுதுனீகளே, நீ எப்பிடி இருக்கன்னு ஒரு வரி எழுதுனீகளா?"

கணவர் உள்ளேயிருந்து, "விடுங்களேன் ரெண்டு பேரும்" என்றார். இருவருமே அவர் பக்கம் திரும்பவில்லை.

மதினி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண்மாய்க்கரைத் தெருவுக்குப் போனார். கோழியைத் திருப்பி வாங்கப் போகிறார் என்று எனக்குப் பதறியது. ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தானாக ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"நல்ல எடத்துலதான் குடுத்திருக்க. சூடா வச்சிருக்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் இருவது நாள்ல வரத்தான் பாத்தேன். அங்க விட்டாத்தானே? ஒரு வீட்டு வேலை அம்புட்டும் ஏந்தலையில. பேரனக் குளிப்பாட்டுறதுன்னு ஆரம்பிச்சு, மாப்ள வீட்டுக்கு வந்துபோறவுக எச்சித் தட்டுவரைக்கும். அந்தக் குளுருல பச்சத்தண்ணிக்குள்ள கைய விட்டு விட்டு, பாரு" என்று இரண்டு கையையும் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சிலது புண்ணாகியிருந்தது. "லெட்டர அவதான் எழுதுனா. நான் சொன்னது பூராத்தையும் எழுதல."

நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். என் கோபம் அதோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போனது. பாதி வெகுநாள் இருந்தது.

அந்தக் கோடையில் கூட்டை ஒரு முழம் உயர்த்திக் கட்டினோம். அடுத்த கார்த்திகை வருவதற்கு முன்பே, போன தடவைபோல் ஆகிவிடக்கூடாது என்று, ஐப்பசியிலேயே மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். பழைய கம்பவுண்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மருந்து வரவில்லை, வந்தால் சொல்கிறோம் என்றார். கார்த்திகையில் ஒருமுறை போனேன், மார்கழியில் ஒருமுறை போனேன். வரவில்லை. தெருவில் யாருக்கும் ஊசி இல்லை. அந்த வருடம் மழையும் குறைவு, பனியும் குறைவு. சீக்கு எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை.

தை மாதம் பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தீகளா டீச்சர்? ஊசி போடாத வருசம் ஒரு கோழிகூடச் சாகல."

கையில் ஈரத் துணியோடு நின்றேன். பதில் எனக்குத் தெரியும். படமே போட்டு விளக்கியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "ஆமாங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.